முள்ளங்கி நாற்றை வெளியே நட்டதும் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வசந்தத் தொடக்கத்தில், வீட்டுக்குள் முளைக்கவைத்த முள்ளங்கி நாற்றை வெளியே கொண்டுபோய் நட்டதும் ஒரே மாதிரியான புகார்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. வாடிவிட்டது, வெளுத்துவிட்டது, இலையெல்லாம் ஓட்டை, இலை மட்டும் தழைக்கிறது கிழங்கைக் காணோம். ஒவ்வொன்றுக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு வைக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டு போங்கள். மருந்து தேடிப் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் தேவைப்படுவது கொஞ்சம் நிழலும் ஒரு போர்வையும்தான்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் வையுங்கள். தக்காளி, கத்தரி நாற்றுக்கு வேர் அறுந்தாலும் புது வேர் விட்டுத் தேறிவிடும். முள்ளங்கிக்கு அப்படி இல்லை. ஆணிவேர் முறிந்தாலும் செடி பிழைத்துக்கொள்ளும், ஆனால் நல்ல கிழங்கு வராது. அதனால் எந்தச் சிகிச்சைக்கும் முன் கணக்குப் பாருங்கள்: நாற்றைத் தேற்ற ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றால், பக்கத்திலேயே புது விதை ஊன்றுவதுதான் லாபம். சின்ன உருண்டை ரகங்கள் விதைத்த 25 முதல் 30 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். ஒரு வாரம் என்பது அதில் கால் பங்கு.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை

இலையைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். முதலில் தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். மண்ணை விரலால் லேசாக விலக்கினால் போதும். அந்த இடம் வெளுப்பாகவோ, ரகத்தைப் பொறுத்துச் சிவப்பாகவோ, விறைப்பாக இருந்தால் நல்லது. பழுப்பேறி மெலிந்திருந்தால் கீழே "தண்டு அடியில் சுருங்கியிருக்கிறது" என்ற பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள்.

அடுத்து, இருப்பதிலேயே மோசமான ஒரே ஒரு நாற்றைப் பலி கொடுங்கள். பிடித்து இழுக்காமல் ஒரு தேக்கரண்டியால் அடிமண்ணோடு தூக்கி, நீரில் அலசிப் பாருங்கள். ஆணிவேர் நேராகக் கீழே போயிருக்கிறதா, நாற்று வளர்த்த குழித்தட்டின் அடியில் முட்டி வளைந்து சுற்றியிருக்கிறதா, நுனி அறுந்திருக்கிறதா, அரிப்பு இருக்கிறதா? கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு இந்த ஒரு நாற்றிலேயே பதில் இருக்கும்.

## அறிகுறி: நாற்று வாடித் தொங்குகிறது

### நண்பகலில் வாடி, மாலையில் நிமிர்கிறது

நட்ட முதல் இரண்டு மூன்று நாள் இப்படி இருந்தால் கவலை வேண்டாம். வேர் மண்ணைப் பிடிக்கும்வரை இலை இழக்கிற நீரை வேரால் ஈடுகட்ட முடியாது. காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணிவரை நிழல்வலையோ, கவிழ்த்த அட்டைப் பெட்டியோ நிழல் தந்தால் போதும். இந்த நேரத்தில் பலரும் செய்வது வாடியதைப் பார்த்ததும் நீர் ஊற்றுவது. மண் ஏற்கெனவே ஈரமாக இருக்கும்போது மேலும் ஊற்றினால் வேருக்குக் காற்று போகாது, அடுத்த நாள் இன்னும் வாடும். அதைப் பார்த்து மறுபடியும் ஊற்றுவார்கள். விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். விரல் நுனியில் ஈரம் தெரிந்தால் நீர் வேண்டாம்.

### காலையிலும் வாடியே இருக்கிறது, மண் காய்ந்திருக்கிறது

நாற்றைச் சுற்றியுள்ள மண் ஈரமாகவும், நாற்றோடு வந்த கலவைக் கட்டி மட்டும் காய்ந்தும் இருக்கலாம். தட்டில் நிரப்பும் தேங்காய் நார்த்தூள் கலவை ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் நீரை எளிதில் உறிஞ்சாது, ஊற்றியதெல்லாம் ஓரமாக வழிந்துவிடும். தண்டை ஒட்டி, மிக மெதுவாக, இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை ஊற்றுங்கள். அடுத்த முறை நடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே குழித்தட்டை ஒரு தட்டு நீரில் வைத்து அடியிலிருந்து நனைய விடுங்கள்.

### காலையிலும் வாடியே இருக்கிறது, மண் ஈரமாக இருக்கிறது

இங்கேதான் அந்தத் தேக்கரண்டிச் சோதனை கைகொடுக்கும். வேர் வெள்ளையாக, ஆனால் அறுந்து குட்டையாக இருந்தால் நடும்போது நேர்ந்த சேதம். நிழல் கொடுத்து நான்கு நாள் பாருங்கள். புதுத் துளிர் தெரியாவிட்டால் மறுவிதைப்பு. வேர் பழுப்பாகி, தோல் வழுக்கிக் கழன்றால் நீர் தேங்கி அழுகியிருக்கிறது. அந்த இடத்தில் மேட்டுப்பாத்தி போடாமல் எத்தனை முறை நட்டாலும் இதே கதைதான்.

வேரில் பழுப்புக் கோடுகளாக அரிப்பும், உள்ளே காலில்லாத வெள்ளைப் புழுவும் இருந்தால் அது முட்டைக்கோஸ் வகைப் பயிர்களைத் தாக்கும் வேர் ஈயின் புழு. பக்கத்துச் செடிகளின் அடியில், தண்டும் மண்ணும் சேரும் இடத்தில் உற்றுப் பாருங்கள். சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் வெள்ளை முட்டைகள் ஒட்டியிருக்கும். அந்த மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து அப்புறப்படுத்தினால் மீதியைக் காப்பாற்றலாம். புழு ஏறிய செடியைச் சுற்றுமண்ணோடு எடுத்து அகற்றுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அடுத்த நடவுக்கு நட்ட அன்றே வலை மூட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. போன பருவத்தில் முட்டைக்கோஸ், கடுகு, முள்ளங்கி இருந்த அதே பாத்தியில் வலை போட்டால், மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் குளிர்காலத்தைக் கழித்த ஈ வலைக்கு உள்ளேயே வெளிவரும். பாத்தியை மாற்றிய பிறகுதான் வலை.

## அறிகுறி: இலையில் வெள்ளைத் திட்டு, தொட்டால் சரசரக்கிறது

நோய் என்று நினைத்துப் பூஞ்சைக்கொல்லி அடிக்கப்படும் அறிகுறிகளில் இது முதலிடம். வீட்டுக்குள் வளர்ந்த இலை நேர்வெயிலைத் தாங்காமல் வெளுத்துப்போவதுதான் இது. திட்டு வெயில் படும் பக்கத்தில் மட்டும் இருக்கிறதா, மேலிலை நிழலிட்ட இடம் பச்சையாகவே இருக்கிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் வெயில். இலையின் ஓரம் மட்டும் காய்ந்து சுருண்டிருந்தால் காற்று.

வெளுத்த இடம் மறுபடி பச்சையாகாது. நடுவிலுள்ள குருத்து பச்சையாக இருந்தால் செடி தேறிவிடும். வெளுத்த இலையைக் கிள்ளாதீர்கள், அதில் மிச்சமிருக்கும் பச்சைதான் இப்போது செடிக்குச் சோறு போடுகிறது.

இன்னும் நடாத நாற்று கையில் இருந்தால் படிப்படியாகப் பழக்குங்கள். முதல் நாள் காற்றடிக்காத நிழலில் இரண்டு மணி நேரம். இரண்டாம் நாள் அதே நிழலில் அரை நாள். மூன்றாம் நாள் ஒரு மணி நேரம் காலை வெயில். பிறகு தினமும் வெயிலை ஒரு மணி, இரண்டு மணி என்று கூட்டுங்கள். ஆறாவது, ஏழாவது நாளில் இரவு 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாது என்றால் இரவும் வெளியே விடலாம்.

மற்ற காய்கறிகளுக்கு இந்தப் பழக்கலைப் பத்து நாள், இரண்டு வாரம் என்று நீட்டச் சொல்வார்கள். முள்ளங்கிக்கு நீட்டக் கூடாது. நீட்டினால் ஆணிவேர் தட்டின் அடியைத் தொட்டுவிடும். முளைத்ததும் முதலில் வரும் விதையிலை இரண்டும் முழுசாக விரிந்த மறுநாளே பழக்கத் தொடங்கி, அவற்றுக்கு நடுவிலிருந்து வரும் முதல் உண்மை இலை எட்டிப் பார்க்கும்போது நட்டுவிட வேண்டும். விதைத்ததிலிருந்து பார்த்தால் சுமார் இரண்டு வாரத்துக்குள் நாற்று மண்ணில் இருக்க வேண்டும்.

## அறிகுறி: உறைபனி விழுந்த காலையில் இலை கரும்பச்சையாகி, நீர் கோத்தது போலத் தெரிகிறது

தொடாதீர்கள். உறைந்த இலையைத் தொட்டு அசைத்தாலே உள்ளே திசு கிழியும். வெந்நீர் தெளிப்பது அதைவிட மோசம். கிழக்கு வெயில் நேராக அடிக்கும் இடமானால் அட்டையால் மறைத்து மெதுவாக உருக விடுங்கள். நண்பகலில் வந்து பாருங்கள். இலை நிமிர்ந்திருந்தால் சேதமில்லை. கறுத்துத் தொங்கினால் அந்த இலை போயிற்று. குருத்து கெட்டியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. குருத்தும் குழைந்திருந்தால் மறுவிதைப்பு.

நன்றாகப் பழக்கிய முள்ளங்கி நாற்று உறைநிலைக்குக் கீழே 2 டிகிரி வரை இலேசான உறைபனியைத் தாங்கும். பழக்காதது தாங்காது. மெல்லிய துணிப் போர்வை ஒன்றிரண்டு டிகிரிதான் காக்கும், ஆனால் வசந்தத் தொடக்கத்தில் பெரும்பாலான இரவுகளுக்கு அதுவே போதும். போர்வை இலையின் மேல் படுத்துக் கிடந்தால் பட்ட இடத்தில் குளிர் இறங்கிவிடும். வளைந்த கம்பியோ குச்சியோ ஊன்றி அதன்மேல் போடுங்கள். பகலில் வெயில் ஏறியதும் விலக்குங்கள்.

## அறிகுறி: நாற்று நெட்டையாகிச் சாய்ந்து கிடக்கிறது

வெளிச்சம் போதாமல், வெதுவெதுப்பான இடத்தில் வளர்ந்ததன் விளைவு இது. நடும்போதே பாதி சரிசெய்துவிடலாம். விதையிலைக்குச் சற்றுக் கீழே வரை மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். இரண்டு விதையிலைக்கு நடுவிலுள்ள குருத்துக்குள் மண் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விழுந்தால் அழுகும். ஏற்கெனவே நட்டுவிட்டிருந்தால் இருபுறமும் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நொறுங்கிய மண்ணை அணைத்துவிடுங்கள். நாற்றைக் கையாளும்போது தண்டைப் பிடிக்காமல் விதையிலையைப் பிடியுங்கள். இலை கிழிந்தால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் அவ்வளவுதான்.

தண்டு விரல் நீளத்துக்கு மேல் நீண்டு, தொட்டாலே துவண்டு விழுந்தால் அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

## அறிகுறி: தண்டு அடியில் சுருங்கியிருக்கிறது, அல்லது துண்டாகியிருக்கிறது

### சுருங்கி, பழுப்பேறி, மடிந்து விழுந்திருக்கிறது

இது நாற்றழுகல். மண்ணில் வாழும் பூஞ்சைகளும் அவற்றைப் போன்ற நுண்ணுயிர்களும் ஈரமும் குளிரும் சேர்ந்த மண்ணில் செய்கிற வேலை. விழுந்த நாற்று எழாது. மருந்து அதை மீட்காது. செய்ய வேண்டியது மீதியைக் காப்பது: விழுந்ததைச் சுற்றுமண்ணோடு எடுத்துவிடுங்கள், மேல்மண் காயும்வரை நீரை நிறுத்துங்கள், போர்வையைப் பகலில் திறந்து காற்று விடுங்கள், நெருக்கமாக இருந்தால் சிலவற்றை எடுத்துக் கலைத்துவிடுங்கள். இனி காலையில் மட்டும் நீர் விடுங்கள். மாலையில் விட்டால் இரவு முழுக்கத் தண்டடி நனைந்தே கிடக்கும்.

தட்டிலேயே தொடங்கியிருந்தால் அந்தக் கலவையை மறுபடி பயன்படுத்தாதீர்கள். தட்டைச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். புதுக் கலவை, கழுவிய தட்டு, குறைந்த நீர் இவ்வளவுக்குப் பிறகும் அடுத்தடுத்த விதைப்பிலும் விழுந்தால், நீரிலோ விதையிலோ கோளாறு இருக்கலாம். வேறு விதை, கொதித்து ஆறிய நீர் என்று ஒரு சிறு தட்டில் தனியாகப் போட்டுப் பாருங்கள். அதுவும் விழுந்தால் மாதிரியைப் பயிர் நோய் ஆய்வகத்துக்கு அனுப்பும் நேரம் வந்துவிட்டது.

### கத்தியால் அறுத்தது போல் துண்டாகி, தலை பக்கத்திலேயே கிடக்கிறது

வெட்டுப்புழு. விழுந்த நாற்றைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் மண்ணைக் கிளறுங்கள். சாம்பல் நிறத்தில் வளையமாகச் சுருண்டு கிடக்கும். எடுத்துப் போட்டால் அந்த இடத்தில் சேதம் நின்றுவிடும். கிடைக்காவிட்டால் இரவில் டார்ச் அடித்துத் தேடுங்கள். மீதி நாற்றுக்குக் காகிதக் கோப்பையின் அடியை வெட்டி எடுத்து, இரண்டு சென்டிமீட்டர் மண்ணுக்குள் போகும்படி சுற்றிப் பதியுங்கள்.

தலையும் காணோம், மினுமினுப்பான தடம் இருக்கிறது என்றால் நத்தை. நாற்றே வேரோடு பிடுங்கி வெளியே கிடந்தால் பறவை, அதற்கு வலை போதும்.

## அறிகுறி: இலை முழுக்கச் சின்னச் சின்ன வட்ட ஓட்டை

கையை நாற்றுகளுக்கு மேலாக வீசிப் பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் பளபளக்கும் கறுப்பு வண்டுகள் துள்ளிக் குதித்தால் ஓட்டைக்குக் காரணம் அவைதான், சந்தேகமே இல்லை. சிலவற்றின் முதுகில் மஞ்சள் கோடு இருக்கும். குளிர்காலத்தைச் சருகுக்குள் கழித்துவிட்டு, வெயில் ஏறத் தொடங்கியதும் முதலில் கிடைக்கும் கடுகுக் குடும்பப் பயிரைத் தேடி வருபவை இவை. வசந்தத்தின் முதல் இளம் பச்சை பெரும்பாலும் உங்கள் முள்ளங்கிதான்.

பதற்றம் வேண்டுமா என்பதை நாற்றின் வயது சொல்லும். நான்கைந்து உண்மை இலை வந்த செடி ஓட்டையோடும் கிழங்கு வைக்கும், விட்டுவிடலாம். விதையிலைப் பருவத்தில் இலைப் பரப்பில் கால்வாசிக்கு மேல் போய்விட்டால் உடனே இறங்க வேண்டும். மஞ்சள் ஒட்டு அட்டையை ஒரு கையில் நாற்றுக்கு மேலே பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் நாற்றை லேசாகத் தட்டிக்கொண்டே நடங்கள். வெயில் நேரத்தில் வண்டு குதித்து ஒட்டிக்கொள்ளும். பிறகு மண்ணை நன்றாக நனைத்து, கண் அளவு 0.8 மில்லிமீட்டருக்கு மேல் போகாத பூச்சிவலையால் மூடி, ஓரத்தை மண்ணால் அமுக்குங்கள். ஓரம் திறந்திருந்தால் வலை போட்டதில் பயனில்லை. சாதாரணக் கொசுவலையின் கண் பெரும்பாலும் இதைவிடப் பெரிது, வண்டு நுழைந்துவிடும்.

வேப்பெண்ணெய் தெளிப்பு கடிப்பதைக் கொஞ்சம் குறைக்கும். மழை பெய்தால் மறுபடி அடிக்க வேண்டும். நான் வலையைத்தான் நம்புகிறேன்.

## அறிகுறி: நிறம் மாறி, வளர்ச்சி நின்றுவிட்டது

ஊதா. இலைக்காம்பும் நரம்பும் மட்டும் சிவந்திருந்தால் சிவப்பு ரகங்களின் இயல்பு. இலைப் பரப்பே, அதுவும் அடிப்பக்கம், ஊதாவானால் மண் குளிர்ந்திருக்கிறது. மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இருந்தும் குளிரில் வேரால் எடுக்க முடியவில்லை. உரம் போடாதீர்கள். காலையில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பமானியை ஊன்றிப் பாருங்கள். 7, 8 டிகிரிக்குக் கீழே இருந்தால் போர்வை போட்டுக் காத்திருங்கள். மண் சூடேறியதும் புது இலை பச்சையாக வரும். மண் சூடேறிப் பத்து நாளான பிறகும் ஊதா மாறாவிட்டால் மண் பரிசோதனை.

மஞ்சள். விதையிலை மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால் அதன் காலம் முடிந்தது, அவ்வளவே. உண்மை இலைகளும் வெளிறினால் முதலில் நீர் தேக்கத்தைப் பாருங்கள். அது இல்லையென்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறை. மண்புழு உரத்தை மெல்லியதாகத் தூவினால் போதும். அள்ளிப் போட்டால் அடுத்த பகுதியில் உள்ள கோளாறைக் கூப்பிட்டு வைத்துக்கொள்வீர்கள்.

## அறிகுறி: இலை செழித்திருக்கிறது, கிழங்கு பிடிக்கவில்லை

மனதை அதிகம் நோகடிக்கும் புகார் இதுதான், ஏனென்றால் பறிக்கும் நாள் வரை எல்லாம் நன்றாகவே தெரியும். விதைத்து மூன்று வாரம் ஆனதுமே மண்ணை விலக்கி, கிழங்கு பருக்க வேண்டிய தண்டடிப் பகுதியைப் பாருங்கள். சின்ன ரகத்தில் அப்போதே தண்டடி பருக்கத் தொடங்கியிருக்க வேண்டும். பருக்கவில்லை என்றால் இந்த வரிசையில் தேடுங்கள்.

*நெருக்கம்.* மிக அடிக்கடி இதுதான். சின்ன ரகத்துக்குச் செடிக்குச் செடி 3 முதல் 5 சென்டிமீட்டர், நீள வெள்ளை ரகத்துக்கு 10 முதல் 15 வேண்டும். கலைக்கும்போது பிடுங்காமல் கத்தரிக்கோலால் அடியில் வெட்டுங்கள், பக்கத்து வேர் அசையாது. ஒரு குழியில் மூன்று நான்கு விதை போட்டு வளர்த்திருந்தால் அவற்றைப் பிரிக்க முயலாதீர்கள். கொத்தாகவே நட்டு, கொத்துக்குக் கொத்து ஒரு சாண் விடுங்கள். கிழங்குகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பருக்கும். பிரிப்பதில் அறுபடும் வேர்தான் பெரிய நஷ்டம்.

*நிழல்.* ஆறு மணி நேர வெயில் இல்லாத இடத்தில் இலைதான் வரும். பகலிலும் எடுக்காத தடித்த போர்வையும் நிழல்தான்.

*தழைச்சத்து அதிகம்.* இலை அகன்று, கரும்பச்சையாக, மெத்தென்று இருக்கும். உரத்தை நிறுத்துங்கள். இந்தத் தடவைக்கு வேறு வழியில்லை.

*நாற்றின் வயது.* தேக்கரண்டியால் ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். வேர் தட்டின் வடிவத்திலேயே வளைந்து நின்றால், அல்லது இரண்டு மூன்று கிளையாகப் பிரிந்திருந்தால் கிழங்கு கோணலாக வரும், அல்லது வராது. உருண்டை ரகங்களில் பருப்பது பெரும்பாலும் வேருக்கு மேலுள்ள தண்டடி என்பதால் ஓரளவு தப்பிக்கும். நீள வெள்ளை முள்ளங்கி தப்பாது. அதை நாற்றுவிட்டு நடுவதையே நான் பரிந்துரைப்பதில்லை. நேராக மண்ணில் ஊன்றுங்கள். இலை வீணாகாது, கீரையாகச் சமைக்கலாம்.

*பூத்தண்டு கிளம்பிவிட்டது.* நடுக்குருத்து உயர்ந்து மொட்டுத் தெரிந்தால் கிழங்கு இனிப் பருக்காது. இருப்பதும் நாராகி உறைக்கும். கிள்ளிவிட்டால் கிழங்கு வருமா என்று கேட்பார்கள், வராது. இளம் வயதில் பல நாள் கடுங்குளிரில் நின்று, பிறகு பகல் நீண்டு வெப்பமும் ஏறினால் இது நடக்கும். சீக்கிரம் வெளியே வைத்தால் சீக்கிரம் கிழங்கு கிடைக்கும் என்ற அவசரம் இங்கே எதிராகத் திரும்பிவிடுகிறது.

## எப்போது ஆள் கூப்பிட வேண்டும்

இதுவரை சொன்னதில் பெரும்பாலானவை உங்கள் கையிலேயே முடியும். ஆனால் அலசிய வேரில் ஒழுங்கற்ற முண்டுமுடிச்சாக வீக்கம் இருந்து, உள்ளே புழு எதுவும் இல்லை என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். அது கிளப்ரூட் (clubroot) என்னும் வேர்வீக்க நோயாக இருக்கலாம். அதன் வித்துகள் மண்ணில் 20 ஆண்டு வரை உயிரோடு இருக்கும், மண்வெட்டியிலும் செருப்பிலும் ஒட்டிப் பக்கத்துப் பாத்திக்குப் போகும். கருவிகளைக் கழுவுங்கள், அந்த மண்ணை எங்கும் கொண்டுபோகாதீர்கள், வேளாண் அலுவலரிடமோ ஆய்வகத்திலோ உறுதிப்படுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத நூற்புழுவும் வேரில் முடிச்சு உண்டாக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கார அமில நிலை பார்க்காமல் சுண்ணாம்பைக் கொட்டுவதும் கூடாது. எவ்வளவு போட வேண்டும் என்பதை மண் பரிசோதனை முடிவுதான் சொல்ல வேண்டும்.

மாதிரி எடுக்கும்போது செத்த செடியை எடுக்காதீர்கள், அதில் எல்லாப் பூஞ்சையும் குடியேறியிருக்கும். பாதி பாதிக்கப்பட்ட இரண்டும், நன்றாக இருக்கும் ஒன்றும் வேர்மண்ணோடு தோண்டி எடுங்கள். முந்தைய பயிர் என்ன, கடைசியாகப் போட்ட உரம் எது, எந்த நாளில் நட்டது, நட்டபின் எத்தனை இரவு உறைபனி என்று ஒரு சீட்டில் எழுதுங்கள். வேர்ப்பகுதியை மட்டும் காகிதத்தில் சுற்றி, அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். பிளாஸ்டிக் பையில் நீர் தெளித்துக் கட்டிவைத்தால் வழியிலேயே அழுகிப்போய், எது நோய், எது பையில் வந்த அழுகல் என்று அவர்களாலும் பிரித்துச் சொல்ல முடியாது.